எடை நின்றுவிட்டது, 400 கலோரிக்கு இறங்கலாமா?

கேள்வி: வயது 34, உயரம் 158 செ.மீ. ஐந்து வாரத்துக்கு முன் 78 கிலோ இருந்தேன். அன்றிலிருந்து தினம் 600 கலோரிதான் சாப்பிடுகிறேன். காலையில் ஒரு பழம், மதியம் காய்கறி சூப்பும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும், மாலையில் ஒரு டம்ளர் பழச்சாறு, இரவில் எண்ணெய் இல்லாமல் வேகவைத்த காய்கறி, அரை கப் கொழுப்பு நீக்கிய தயிர், ஒரு பழம். உப்பைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். பசித்தால் தண்ணீர்தான், ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் ஆகிறது. தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன். இப்போது 71 கிலோ. ஆனால் பத்து நாளாக எடை நகரவே இல்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. படுத்திருக்கும்போது சில நேரம் நெஞ்சு படபடக்கிறது. இந்த மாதம் மாதவிலக்கு வரவில்லை. எப்போதும் குளிர்கிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது, தூக்கம் வராமல் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்துக்குள் 65 கிலோவுக்கு வர வேண்டும். 400 கலோரிக்குக் குறைக்கலாமா? முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் போட வேண்டுமா?

பதில்: குறைக்க வேண்டாம். 600-லும் தொடர வேண்டாம். ஆனால் உணவுக் கணக்கு நாளைக்குக்கூடக் காத்திருக்கும். உங்கள் கடிதத்தில் காத்திருக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. படபடப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்தால் கண் இருட்டுவது ஆகிய மூன்றும் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து சாப்பிடுகிற ஒருவருக்குச் சேர்ந்து வந்தால், ரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் நிலை தவறியிருக்கலாம் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றோ நாளையோ மருத்துவரைப் பாருங்கள். ஒரு இசிஜி, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை ஆகியவை உடனே தேவை. இடையில் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு படபடப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு, நிற்காத வாந்தி, கைகால் தூக்க முடியாத அளவுக்குத் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஹைட்ரோகுளோரோதயசைடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் தள்ளும் மருந்து. வழக்கமான சாப்பாடு இருக்கும்வரை அந்த இழப்பு உணவில் ஈடாகிவிடும். நீங்கள் உணவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தீர்கள், உப்பையும் நிறுத்தினீர்கள், அதன்மேல் நான்கைந்து லிட்டர் தண்ணீர். சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றவும் ஓரளவு உப்பும் புரதச் சிதைவில் வரும் யூரியாவும் வேண்டும். இரண்டும் குறைந்த உடலில் இத்தனை தண்ணீர் குடித்தால் சோடியம் நீர்த்துப்போகும். பசிக்குத் தண்ணீர் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். நாள் முழுவதற்கும் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் போதும். உணவில் உப்பைச் சுவைக்கு மிதமாகத் திரும்பச் சேருங்கள்.

பொட்டாசியம் குறைவாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டி மாத்திரையோ பொட்டாசியம் கலந்த மாற்று உப்போ வாங்கிச் சாப்பிட வேண்டாம். உங்கள் மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை: தயசைடு பொட்டாசியத்தை வெளியேற்றும், டெல்மிசார்ட்டன் அதை உள்ளே தேக்கும். நீர்ச்சத்து வற்றி சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் கூடியும் இருக்கலாம். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து, இரண்டிலும் படபடப்பு வரும். பரிசோதனை மட்டுமே சொல்லும்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மாத்திரையின் அளவு இப்போதைய உடலுக்கு அதிகம் என்பதற்கு அது நல்ல ஆதாரம். 78 கிலோவில் சரியாக இருந்த மருந்து 71 கிலோவில், அதுவும் இந்தச் சாப்பாட்டில், கூடுதலாக இருப்பது இயல்புதான். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எண்களை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாற்றுவது மருத்துவர் வேலை.

மாதவிலக்கு தள்ளிப்போனதற்குப் பட்டினிதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இருக்கலாம். உள்ளே வரும் சக்தி மிகவும் குறைந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். ஆனாலும் வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும் கர்ப்பப் பரிசோதனை முதலில். டெல்மிசார்ட்டன் வகை மருந்துகள் கருவுக்குக் கேடு செய்பவை. கர்ப்பம் உறுதியானால் மாத்திரையை மாற்ற அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டையும் அன்றோடு விட வேண்டும்.

இனி எடைக்கு வருவோம். மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று உண்டு. பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் 161-ஐக் கழிக்க வேண்டும். 78 கிலோவில் உங்களுக்கு இது ஏறத்தாழ 1,435 கலோரி. சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு இது. நடமாட்டத்தையும் சேர்த்தால் நாளுக்கு 1,950 முதல் 2,000 வரை. 600 சாப்பிட்டால் தினம் 1,350 கலோரி பற்றாக்குறை. 35 நாளில் 47,000 சொச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆக, கணக்குப்படியே போனாலும் கரையக்கூடிய கொழுப்பு 6 கிலோதான். உங்களுக்குக் குறைந்திருப்பதோ 7 கிலோ. அந்த அதிகப்படி எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி நீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சில நூறு கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரத்தில் அது வடியும்போது ஒன்றரை இரண்டு கிலோ போய்விடுகிறது. உப்பை நிறுத்தியதில் இன்னும் கொஞ்சம். இன்னொரு பகுதி தசை. கொழுப்பு இழப்பு நான்கு முதல் ஐந்து கிலோ இருக்கும் என்பது என் மதிப்பீடு. அது குறைவான சாதனை இல்லை. ஆனால் முதல் வார வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஐந்தாம் வாரத்தைப் பார்ப்பதால்தான் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

உண்மையிலேயே மெதுவாகவும் ஆகியிருக்கிறது. இத்தனை குறைந்த உணவில் தைராய்டின் செயல்படும் வடிவமான டி3 குறையும், இதயத் துடிப்பு தணியும், கைகால் குளிரும். அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது: அறியாமலே அசைவு குறையும். படி ஏறுவது, எழுந்து போய் எடுப்பது, பேசும்போது கை ஆட்டுவது எல்லாம் சுருங்கும். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாளெல்லாம் சாய்ந்து கிடந்தால் அந்த நடை ஈடுகட்டுவது கொஞ்சம்தான். கூடவே, பட்டினி அழுத்தத்தில் உடல் நீரைத் தேக்குவதும் உண்டு. கொழுப்பு கரைந்துகொண்டிருக்க, எடை அதே இடத்தில் நிற்கும். சாப்பாடு குறைந்ததால் மலச்சிக்கலும் இருந்தால் அதுவும் தராசில் ஏறும். இடுப்புச் சுற்றளவை வாரம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். தராசு மறைப்பதை நாடா காட்டும்.

(இந்த நிலையில் தைராய்டு பரிசோதனை செய்தால் டி3 குறைவாகவும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் இயல்பாகவும் வருவது வழக்கம். அது தைராய்டு நோய் அல்ல. அதற்காக மாத்திரை ஆரம்பித்தால் தசை இன்னும் கரையும், படபடப்பும் கூடும்.)

600-லிருந்து 400-க்கு இறங்கினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். நாளுக்கு 200 கலோரி, வாரத்துக்கு 1,400. கொழுப்பில் அது ஏறக்குறைய 180 கிராம். வாரத்துக்கு 180 கிராம் கூடுதலாகக் குறைய, இருக்கிற சொற்ப புரதத்தையும் தாதுச் சத்தையும் இழப்பீர்கள். இதைவிட மோசமான பேரம் கிடையாது.

உங்கள் பட்டியலில் எனக்குக் கலோரியைவிடப் பெரிய கவலை அது எதனால் ஆனது என்பது. இரண்டு வெள்ளைக்கருவில் 7 கிராம் புரதம், தயிரில் ஐந்தாறு கிராம், காய்கறியிலும் பழத்திலும் மிச்சம் மீதி. எல்லாம் சேர்ந்து 20 - 25 கிராமைத் தாண்டாது. உங்கள் உயரத்துக்குப் பொருத்தமான எடை 62 கிலோ என்று வைத்தால், எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 75 கிராம் வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. மிச்சத்தை உடல் தன் தசையிலிருந்து எடுக்கிறது. இதயமும் தசைதான்.

இதில் வரலாறு ஒன்று உண்டு. 1970-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் திரவப் புரத உணவு என்று ஒன்று பரவியது. விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுத்த கொலாஜனைக் கரைத்துச் செய்தது. நாளுக்கு 300 - 400 கலோரி. கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அவசியமான அமினோ அமிலம் இல்லை. தாதுச் சத்தும் போதவில்லை. அதை உண்டவர்களில் ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள், அவர்களில் பலருக்கு இதயத் துடிப்புத் தாறுமாறாகி உயிர் போனது. முன்னர் இதய நோய் இல்லாத இளம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். "புரதம் சாப்பிடுகிறேனே" என்பது மட்டும் போதாது, அதன் தரமும் கூட வரும் தாதுக்களும் முக்கியம் என்பதை மருத்துவ உலகம் கற்றது அந்த விலையில்தான்.

அடுத்தது கொழுப்பு. மஞ்சள் கரு இல்லை, எண்ணெய் இல்லை, தயிரிலும் கொழுப்பு இல்லை. இது பித்தப்பையில் கல் உண்டாக்கும் வழி. வேகமாக எடை குறையும்போது கல்லீரல் பித்தநீரில் அதிகக் கொலஸ்ட்ராலைக் கொட்டும். பித்தப்பை சுருங்கி அதை வெளியேற்ற வேண்டும். அது சுருங்குவதற்குத் தூண்டுதல் உணவில் வரும் கொழுப்பு. தூண்டுதல் இல்லாவிட்டால் பித்தநீர் தேங்கி, கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்தால் இந்த ஆபத்து செங்குத்தாக ஏறும்; உங்கள் சராசரி 1.4. ஒரு வேளையிலாவது பத்து கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு முழு முட்டை அல்லது இரண்டு தேக்கரண்டி எண்ணெய், ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போக வேண்டும். வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்து தோள்பட்டைக்குப் பரவினால், அதுவும் காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேற்பார்வையோடு வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல் வராமல் இருக்க அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் தருவது உண்டு. உங்களுக்கு அது வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

யூரிக் அமிலத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வேகமான எடைக் குறைப்பு, தயசைடு, பழச்சாறு மூன்றுமே அதை ஏற்றுபவை.

எரிச்சலும் சமையல் வீடியோவும் உங்கள் மன உறுதிக் குறைவு அல்ல. 1944 - 45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி; உங்களுடையதைப் போல இரண்டரை மடங்கு. அவர்களுக்கும் குளிர், சோர்வு, சிடுசிடுப்பு, ஓயாத உணவு நினைப்பு வந்தன. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு முடிந்ததும் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள். 2011இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே ஒருநாள் கட்டுப்பாடு உடைந்து நிறையச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து தண்டிக்காதீர்கள். அப்படிச் சாப்பிடுவதும் அதை வாந்தி எடுத்தோ மலமிளக்கி போட்டோ ஈடுகட்டுவதும் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அது தனியாகச் சிகிச்சை தேவைப்படும் விஷயம்.

800 கலோரியை ஒட்டிய உணவை மருத்துவர்களே தருவதில்லையா என்று கேட்பீர்கள். தருகிறார்கள். பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய 'டைரக்ட்' ஆய்வில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு 825 முதல் 853 கலோரி வரை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மருந்தில்லாமலே கட்டுக்குள் இருந்தது. ஆனால் அது வீட்டில் சூப்பும் பழமும் வைத்து நடந்தது அல்ல. புரதமும் வைட்டமின்களும் தாதுக்களும் அளந்து சேர்த்த தயாரிப்பு உணவு; சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளை முதல் நாளே நிறுத்தி அதன்பின் கண்காணிப்பு; முடிந்ததும் பல வாரங்களில் படிப்படியாகச் சாதாரண உணவுக்குத் திரும்புதல். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயது ஆகாதவர்கள், டைப் 1 சர்க்கரை நோயாளிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், உண்ணல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வழக்கமாகக் கொடுக்கப்படுவதில்லை. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர் தானாக இப்படி இறங்கினால் முதல் நாளே தாழ்சர்க்கரையில் விழலாம்.

திரும்பி ஏறுவதற்கும் முறை இருக்கிறது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென மாவும் இனிப்புமாகச் சாப்பிட்டால் இன்சுலின் பெருகி, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். நீங்கள் தினமும் பழம் சாப்பிட்டு வந்ததாலும் எடை இழப்பு 9 சதவீதத்தில் நிற்பதாலும் உங்களுக்கு அந்த ஆபத்து பெரிதில்லை என்றே சொல்வேன். ஆனால் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட்டோ பொட்டாசியமோ குறைந்திருந்தால் கதை வேறு. அப்போது மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் ஏற வேண்டும்.

பரிசோதனை சரியாக இருந்தால் முதல் ஐந்து நாள்: மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாமல் இரண்டு முட்டையையும் முழுதாகச் சாப்பிடுங்கள், 200 மி.லி. பால் சேருங்கள், பழச்சாறுக்குப் பதில் வெந்த பருப்போ பயறோ அரை கப். இது 800 அருகே வரும். அடுத்த ஒரு வாரம்: பருப்பை ஒரு கப் ஆக்கி, இன்னொரு 200 மி.லி. பாலும் 100 கிராம் மீன் அல்லது தோல் நீக்கிய கோழியும், ஏறத்தாழ 1,100. மூன்றாம் வாரத்திலிருந்து வெந்த தானிய உணவு ஒரு கப், சமையலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய். 1,350 - 1,400 கலோரி, 80 கிராம் புரதம். அசைவம் வேண்டாம் என்றால் மீனுக்குப் பதில் இன்னொரு கப் பயறு. தாதுக்களும் சேர்ந்த பல்வைட்டமின் மாத்திரை ஒன்று இந்த மூன்று வாரமும் நல்லது. பொட்டாசியம் பற்றிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும் என்பதால் அட்டையைப் படித்து வாங்குங்கள். இந்த நாட்களில் எடை ஒன்றரை இரண்டு கிலோ ஏறும். கிளைக்கோஜனும் நீரும் தம் இடத்துக்குத் திரும்புவதுதான் அது. பலர் சரியாக இந்த இடத்தில் பயந்து மறுபடி பட்டினிக்குப் போகிறார்கள். மூன்று வாரத்துக்குத் தராசை ஒதுக்கி வையுங்கள். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் அது வேறு. அன்றே காட்ட வேண்டும்.

இசிஜியும் ரத்த முடிவும் வரும்வரை வேக நடை வேண்டாம். வீட்டு வேலை அளவு போதும். பிறகு மெதுவாக அரை மணி நேர நடை. 1,100 கலோரியை எட்டியதும் வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி அல்லது இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைப் பயிற்சி 20 நிமிடம். இழந்த தசையைத் திரும்பக் கட்ட நடை மட்டும் போதாது.

முடி விஷயத்தில் ஏமாற்ற விரும்பவில்லை. திடீர் எடைக் குறைப்புக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும். அதாவது நீங்கள் சரியாகச் சாப்பிட ஆரம்பித்தபின் கொட்டக்கூடும்; புது உணவைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதத்தில் நின்று திரும்ப வளரும். பயோட்டின் என்ற வைட்டமின் குறைபாடு அரிது, அதனால் அந்த மாத்திரையில் பலன் இருக்காது. அதோடு, அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்த்து, இரும்புச் சத்து குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வது பயன் தரும்.

65 கிலோவுக்கு எவ்வளவு நாள்? 71 கிலோவில் உங்கள் செலவு சுமார் 1,880 கலோரி. 1,380 சாப்பிட்டால் 500 பற்றாக்குறை, வாரத்துக்கு 450 கிராம். ஏறி இறங்கும் மூன்று வாரத்தையும் சேர்த்தால் நான்கு மாதம் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் முடியாது. ஆனால் ரத்த அழுத்தம் இறங்க 65-ஐத் தொடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே அது இறங்கும், நீங்கள் 9 குறைத்துவிட்டீர்கள். மாத்திரையின் அளவை மறுபடி தீர்மானிக்க இரண்டு வாரம் கழித்து ஒரு முறை ரத்த அழுத்தமும் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினினும் பாருங்கள். சாப்பாடு சரியாகி மூன்று மாதம் ஆகியும் மாதவிலக்கு திரும்பாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் இந்த ஐந்து வார உணவுப் பட்டியலையும் எடைக் கணக்கையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.